யார் அமர்த்திய குழு? பட்டாசு வட்டாரத்தின் அரசு மருத்துவமனைகளும் உள்ளாட்சியும்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில் இடைவழியில் இருக்கிறது ஆமத்தூர். பட்டாசு ஆலை வெடிவிபத்துச் செய்திகளில் இந்தப் பெயர் வருவதுண்டு. பெரும்பாலும் வழக்குப் பதிவு செய்த காவல் நிலையத்தின் பெயராக வரும். சுற்றிலும் கரிசல் காடு, வானம் பார்த்த வெள்ளாமை, நடுநடுவே வேலி போட்ட ஆலைகள், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் சிறு அறைகள். இந்த வட்டாரத்தில் ‘மருந்து’ என்ற சொல் இரண்டு பொருளில் புழங்குகிறது. ஆலைக்குள் அது வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவை. ஆலைக்கு வெளியே அது ஆஸ்பத்திரியில் கொடுப்பது. முதல் மருந்தை யார் கலக்கலாம், எவ்வளவு வைத்திருக்கலாம், ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதற்கெல்லாம் நாக்பூரில் தலைமையகம் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பில் தொடங்கி மாவட்ட நிர்வாகம் வரை அடுக்கடுக்காக விதிகளும் உரிமங்களும் உள்ளன. அவை மீறப்படும்போது விசாரணைக் குழுக்களும் தீர்ப்பாயங்களும் வருகின்றன. இரண்டாவது மருந்து கிடைக்கும் இடத்தை யார் மேற்பார்வை செய்கிறார்கள், அந்த மேற்பார்வையாளர்களை யார் அமர்த்துகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வதே இக்கட்டுரை. தாலுகா அளவு வரையிலான அரசு மருத்துவமனைகளின் குழுவை அமர்த்தும் அதிகாரம், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிக்கு உரியதாக இருக்க வேண்டும். அமர்த்தும் கை மாறாதவரை குழுவில் யாரை உட்கார வைத்தாலும் பயன் சிறிதே என்பது என் வாதம்.

இன்று இருக்கும் அமைப்பிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நோயாளர் நலச் சங்கம் என்ற ஒன்று இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில், 1994-ஆம் ஆண்டின் பிளேக் பீதிக்குப் பிறகு, சீரழிந்து கிடந்த ஒரு பெரிய அரசு மருத்துவமனையைச் சீர்படுத்த உருவான ‘ரோகி கல்யாண் சமிதி’தான் இதன் மூலம். 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் அதை நாடு முழுவதற்கும் எடுத்துச் சென்றது. சங்கமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும், நோயாளர் வசதிக்கான சிறு செலவுகளை மேலிட அனுமதிக்குக் காத்திராமல் செய்யலாம் என்பது ஏற்பாடு. தொடக்க ஆண்டுகளில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையச் சங்கத்துக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாயும் மாவட்ட மருத்துவமனைக்கு 5 லட்சமும் ஒதுக்கப்பட்டன. உறுப்பினர் பட்டியலில் சட்டமன்ற உறுப்பினர், சுகாதார அலுவலர்கள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், மருத்துவர் சங்கத்தவர், ஊர்ப் பெரியவர்கள், நன்கொடையாளர்கள் என்று எல்லோருக்கும் இடம் உண்டு. பட்டியல் நிறைவாகத்தான் தெரிகிறது. ஆனால் அதில் உள்ளாட்சிப் பிரதிநிதி தம் பதவியின் பேரால் அழைக்கப்படுபவர். அவருடைய மன்றம் அனுப்பி வைத்தவர் அல்ல. ஊர்ப் பெரியவர் யார் என்பதை முடிவு செய்வது ஊர் அல்ல. கூட்டம் கூட்டுவதும் பொருள் நிரல் தயாரிப்பதும் கணக்கு எழுதுவதும் அதே மருத்துவமனையின் அலுவலர். மேலே போனால் தலைமை பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரிடம் போய் நிற்கிறது. இப்படிப்பட்ட சங்கம் மின்விசிறியும் நாற்காலியும் வாங்கித் தரும், அதுவும் வேண்டியதுதான். ஆனால் ‘இரவில் தீக்காயத்தோடு வருபவருக்கு இங்கே என்ன நடக்கிறது’ என்று அது கேட்காது. கேட்க வேண்டிய கட்டாயத்தில் அதை யாரும் வைக்கவில்லை.

மாவட்ட ஆட்சியர் தலைமை வகிக்கும் குழுக்களின் பட்டியலை ஒரு பக்கத்தில் எழுதி முடிக்க முடியாது. இந்த மண்ணிலேயே இதற்கு நேர்மாறான ஒரு முன்மாதிரி உண்டு. 1941-இல் காமராசர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்தவுடன், முழுமையாகச் செய்ய முடியாத பொறுப்பைத் தாம் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லி விலகிக்கொண்டார். ஒரு பதவியை வகிப்பது வேறு, அதற்கு நேரமும் கவனமும் கொடுப்பது வேறு என்ற அந்தத் தெளிவு, பதவி வழித் தலைமைகளால் நிரம்பிய நம் மருத்துவமனைச் சங்கங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆட்சியரின் திறமையிலோ அக்கறையிலோ குறை காண்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஓராண்டில் பல நூறு கோப்புகளுக்கும் பேரிடருக்கும் தேர்தலுக்கும் நடுவே அவர் ஒரு தாலுகா மருத்துவமனையின் இரவுப் பணி அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

உள்ளாட்சியிடம் மருத்துவமனை இருந்த காலம் ஒன்று இங்கே உண்டு என்பது பலருக்கு மறந்துவிட்டது. சென்னை மாகாணத்தில் 1871-இன் உள்ளாட்சி நிதிச் சட்டம், 1884-இன் உள்ளாட்சி வாரியச் சட்டம், 1920-இன் சட்டம் என்று படிப்படியாக வளர்ந்த ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் மருந்தகங்களையும் சிறு மருத்துவமனைகளையும் தங்கள் நிதியில் நடத்தின. இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் பகுதிகள் 1910-இல் உருவான இராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன. 1920-களில் நீதிக் கட்சி ஆட்சியில் கிராமங்களில் குடியேறும் மருத்துவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் திட்டம் வந்தபோதும் அது உள்ளாட்சி வாரியங்கள் வழியாகவே நடந்தது. 1939-இன் பொதுச் சுகாதாரச் சட்டம், அந்த வகையில் இந்தியாவிலேயே முதலாவது, இன்னும் ஒரு படி மேலே போனது: அரசு மானியம் நீங்கலான வருவாயில் நகராட்சிகள் குறைந்தது 30 சதவீதத்தையும் ஜில்லா போர்டுகள் 12.5 சதவீதத்தையும் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றது. இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946-இல் அறிக்கை தந்த ‘போர்’ (Bhore) குழுவும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மக்கள் பிரதிநிதிகள் அடங்கிய சுகாதார வாரியத்தையும், ஊர்தோறும் ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட சுகாதாரக் குழுவையும் பரிந்துரைத்தது. அந்தப் பழைய போர்டுகளைப் பொற்காலமாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. வரி கட்டும் சிலருக்கே வாக்குரிமை இருந்த காலம் அது. ஜமீன்தார்களும் பெருநிலக்கிழார்களும் தலைமை நாற்காலிகளில் இருந்தார்கள். அங்கே தாழ்த்தப்பட்ட மக்களின் குரல் ஏறவில்லை. 1958-இன் ஊராட்சிச் சட்டத்தோடு ஜில்லா போர்டுகள் விடைபெற்றபோது வருந்தியவர்களைவிட நிம்மதி அடைந்தவர்கள் அதிகமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த மாற்றத்தில் ஒரு நல்ல கொள்கையும் சேர்ந்து போய்விட்டது. மருத்துவமனைக்குப் பொறுப்பானவர்களை வாக்காளர் அடையாளம் காட்ட முடியும் என்ற கொள்கை அது. வாக்குரிமை எல்லோருக்கும் வந்து சேர்ந்த காலத்தில்தான் வாக்களிக்கப்பட்டவரின் கையிலிருந்து மருத்துவமனை நழுவியது.

அதைத் திருப்பித் தரும் வாய்ப்பு 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தோடு வந்தது. பதினோராம் அட்டவணையின் 23-ஆம் இனம் மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், மருந்தகங்கள் அடங்கிய சுகாதாரத்தை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத் தக்க பொருளாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ‘ஒப்படைக்க வேண்டும்’ என்று இல்லாமல் மாநிலச் சட்டமன்றம் ‘ஒப்படைக்கலாம்’ என்று எழுதப்பட்ட அந்த ஒரு சொல்லில் மாநிலங்கள் தங்கிவிட்டன. தமிழ்நாட்டின் 1994 ஊராட்சிச் சட்டம் மருந்தகங்களையும் தாய் சேய் நல விடுதிகளையும் நிறுவி நடத்துவதை ஊராட்சி ஒன்றியத்தின் கடமைகளில் இன்றும் வைத்திருக்கிறது. நடைமுறையில் ஆரம்ப சுகாதார நிலையம் பொதுச் சுகாதார இயக்குநரகத்தின் கீழ், தாலுகா மருத்துவமனை மருத்துவப் பணிகள் இயக்குநரகத்தின் கீழ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்னோர் இயக்குநரகத்தின் கீழ். பதினைந்தாம் நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு உள்ளாட்சிகள் வழியாக ஆரம்ப சுகாதாரத்தை வலுப்படுத்த 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. உள்ளாட்சியின் பெயரில் இவ்வளவு பெரிய சுகாதார நிதி இதற்கு முன் ஒதுக்கப்பட்டதில்லை. ஆனால் அதை எதற்குச் செலவிடுவது என்ற முடிவு உள்ளாட்சியின் கைக்கு வரவில்லை. பெயர் உள்ளாட்சியுடையதாகவும் முடிவு வேறிடத்திலும் இருக்கும் நிலை எப்படி இருக்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

இதெல்லாம் அதிகாரப் பங்கீடு குறித்த பட்டிமன்றம் மட்டுமா, நோயாளிக்கு இதனால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். தீக்காயத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். உடலின் பெரும் பரப்பு வெந்துபோனால், தோலுக்கடியில் உள்ள நுண் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது. இரத்த ஓட்டம் வற்றிச் சிறுநீரகம் முதலில் அடிபடுகிறது. அதனால் முதல் சில மணி நேரத்தில் நரம்பு வழியே எவ்வளவு திரவம் ஏற்றப்பட்டது என்பதே உயிரின் கணக்கு. அதற்கு உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் சூத்திரம் ஒன்று உண்டு: உடல் எடை கிலோவில், வெந்த பரப்பு சதவீதத்தில், இரண்டையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கினால் 24 மணி நேரத்துக்கான மில்லிலிட்டர் அளவு கிடைக்கும். அதில் பாதியை முதல் எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒரு தொழிலாளிக்கு உடலின் 40 சதவீதம் வெந்திருந்தால் 9,600 மில்லிலிட்டர். அதில் 4,800 முதல் எட்டு மணி நேரத்துக்குள். இந்த எட்டு மணி நேரம் காயம்பட்ட நொடியிலிருந்து தொடங்குகிறது, மருத்துவமனை வாசலில் இறங்கிய நேரத்திலிருந்து அல்ல. ஆலையிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து தாலுகா மருத்துவமனை, அங்கிருந்து மதுரை என்று ஒருவர் கைமாறிக்கொண்டே போனால், ஒவ்வொரு வாசலிலும் கழியும் நேரம் அந்த எட்டு மணி நேரத்திலிருந்துதான் கழிகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்து நாற்பது பேர் வரை இறந்தபோது, இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்ல. சத்தம் கேட்டு உதவ ஓடிய அக்கம்பக்கத்தவர்கள் அவர்கள். பலத்த தீக்காயம் பட்டவர்களை மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது. சிவகாசியிலிருந்து அது 70 கிலோமீட்டருக்கும் மேல். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி என்று பல மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரிய முன்னேற்றம். ஆனால் முதல் வாசல் எது, அங்கே அந்த நேரத்தில் திரவப் புட்டியும் அதை ஏற்றத் தெரிந்த கையும் இருந்தனவா என்பது இன்னும் சிறிய மருத்துவமனைகளின் கேள்விதான்.

அந்தச் சூத்திரத்தின் பெயர் பார்க்லேண்ட் சூத்திரம். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் பார்க்லேண்ட் என்ற பொது மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டரும் அவருடைய சக மருத்துவர்களும் 1960-களில் செய்த ஆய்விலிருந்து வந்தது. ஏழைகளுக்கென நடக்கும் அந்த மருத்துவமனை டல்லாஸ் கவுண்டியின் மருத்துவமனை மாவட்டத்துக்குச் சொந்தமானது. கவுண்டி என்பதை ஏறக்குறைய நம் மாவட்ட ஊராட்சியோடு ஒப்பிடலாம். அதன் மேலாளர் குழுவின் ஏழு பேரை அமர்த்துவது மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுண்டி மன்றம். தனி வரியும் அந்த மன்றத்தின் ஒப்புதலோடு விதிக்கப்படுகிறது. குழு உறுப்பினரை எந்த மன்ற உறுப்பினர் முன்மொழிந்தார் என்பது ஊருக்குத் தெரியும். அதே டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரப் பொது மருத்துவமனைகளின் ஒன்பது அறங்காவலர்களையும் ஹாரிஸ் கவுண்டி மன்றமே அமர்த்துகிறது. மருத்துவர்களின் பணியில் இந்தக் குழு தலையிடுவதில்லை. என்னென்ன சிகிச்சை இங்கே இருக்க வேண்டும், பணம் எதற்குப் போக வேண்டும், நிர்வாகத் தலைவர் யார் என்பவைதாம் அதன் வேலை. பார்க்லேண்டைக் குறை இல்லாத இடமாகக் காட்டுவது நேர்மையாகாது. 2011-இல் கூட்டாட்சி அரசின் ஆய்வாளர்கள் அங்கே நோயாளிகளின் பாதுகாப்பில் கடுமையான குறைகளைக் கண்டார்கள். 2013 வரை அந்த மருத்துவமனை வெளியார் கண்காணிப்பில் இருந்தது. உள்ளூர் குழு கண்மூடி இருந்துவிட முடியும் என்பதற்கு அது சான்று. குழு ஊரால் அமர்த்தப்பட்டாலும் தரத்தை அளக்கும் கோல் வெளியில் ஒருவரிடம் இருக்க வேண்டும் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். நம் மாநிலச் சுகாதாரத் துறைக்கு உரிய இடம் அதுவே என்று தோன்றுகிறது.

இனி எதிர்வாதங்கள். அவற்றில் மிக வலுவானது, தமிழ்நாட்டின் வெற்றியே மையப்படுத்தியதால் வந்தது என்பது. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும் தனிப் பணியாளர் அணியும் வைத்திருப்பது, 1990-களின் நடுவில் மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்து மருந்துக் கொள்முதலை ஒரே கைக்குள் கொண்டு வந்தது, கிராம சுகாதார செவிலியர்களின் வலைப்பின்னல் ஆகியவை சென்னையில் திட்டமிட்டு மாநிலம் முழுவதும் ஒரே சீராக நடைமுறைக்கு வந்தவை. பிரசவ மரணத்திலும் தடுப்பூசியிலும் நாட்டின் முன்வரிசையில் நிற்க அவை காரணம். ஆனால் இந்த வெற்றிகளைக் கூர்ந்து பார்த்தால் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரித் தேவைப்படும் காரியங்கள் அவை என்பது தெரியும். தடுப்பூசி ஆமத்தூரிலும் ஆரணியிலும் ஒன்றே. பாராசிட்டமால் மாத்திரையும் அப்படித்தான். ஓர் ஊருக்கு மட்டும் உரிய ஆபத்தை அந்த ஏற்பாடு எப்படிக் கையாள்கிறது என்பதே சோதனை. கடலோரத்துக்கு மீன்பிடி விபத்தும், மலைப்பகுதிக்கு வேறொன்றும், இந்த வட்டாரத்துக்குத் தீக்காயமும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் உள்ள இடத்தில் எந்தப் பருவத்தில் உற்பத்தி கூடுகிறது, எந்தத் திசையில் புதிதாக ஆலைகள் வந்திருக்கின்றன, எங்கே வீட்டுக்குள்ளேயே மருந்து செலுத்துகிறார்கள், உள்குத்தகைக்கு விட்ட ஆலைகள் எவை என்பதெல்லாம் இயக்குநரகத்தின் படிவத்தில் ஏறாதவை. ஊராட்சி உறுப்பினரும் ஊரும் அறிந்தவை. மருந்துக் கொள்முதலையும் மருத்துவர் தேர்வையும் மாற்றலையும் மாநிலமே வைத்துக்கொள்ளட்டும். அவற்றை ஒன்றியக் குழுவிடம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். இங்கே கேட்பது, இந்த ஊரின் ஆபத்துக்கு இந்த மருத்துவமனை ஆயத்தமாக இருக்கிறதா என்று கேள்வி கேட்டுப் பதில் பெறும் குழுவை மட்டுமே.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை உருவானபோது அமைச்சரவைக்குள்ளேயே இது வெடித்தது. லண்டன் நகராட்சி மன்றத்தை வளர்த்த ஹெர்பர்ட் மாரிசன் மருத்துவமனைகள் உள்ளாட்சியிடமே இருக்க வேண்டும் என்றார். சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவன், பணக்கார நகராட்சிக்கு ஒரு தரமும் ஏழை நகராட்சிக்கு ஒரு தரமும் கூடாது என்று அவற்றை எடுத்துக்கொண்டு, தாமே அமர்த்தும் வட்டார வாரியங்களிடம் 1948-இல் ஒப்படைத்தார். பெவனின் வாதத்தில் நியாயம் இருந்தது. நிதி உள்ளூர் வரியை நம்பி இருந்தவரை அந்த ஏற்றத்தாழ்வு தீராது. ஆனால் நம் முன் இருப்பது அந்தத் தெரிவு அல்ல. நிதி மாநிலத்திடமிருந்தே வரட்டும், குழு ஊரிலிருந்து வரட்டும் என்றால் பெவனின் அச்சத்துக்கு இடமில்லை. நியூசிலாந்து 2001 முதல் மாவட்டச் சுகாதார வாரியங்களில் ஏழு பேரைத் தேர்தல் மூலமும் நான்கு பேர் வரை அமைச்சரின் நியமனம் மூலமும் வைத்திருந்து, 2022 ஜூலையில் அவற்றைக் கலைத்தது. அங்கே வாரியங்கள் மருத்துவமனைகளின் முழு வரவுசெலவையும் சுமந்தன, பற்றாக்குறையில் மூழ்கின, உள்ளாட்சித் தேர்தலோடு சேர்ந்தே நடந்த வாரியத் தேர்தலில் மக்கள் ஆர்வமும் தேய்ந்தது. குழுவை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதைவிட, ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் அமர்த்துவது மேல் என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அருகிலுள்ள சான்று கேரளம். 1990-களின் நடுவில் அங்கே ஆரம்ப சுகாதார நிலையம் கிராமப் பஞ்சாயத்துக்கும், சமுதாய சுகாதார நிலையம் பிளாக் பஞ்சாயத்துக்கும், மாவட்ட மருத்துவமனை மாவட்டப் பஞ்சாயத்துக்கும் மாற்றப்பட்டன. மருத்துவமனை நிர்வாகக் குழுவுக்கு உள்ளாட்சித் தலைவரே தலைவர். மருத்துவர்கள் மாநில ஊழியர்களாகவே தொடர்ந்தார்கள். இரட்டை அதிகாரம் என்று மருத்துவர் சங்கம் முணுமுணுத்தது, இன்றும் முணுமுணுக்கிறது. எல்லாப் பஞ்சாயத்தும் ஒரே தரத்தில் செயல்பட்டுவிடவில்லை. ஆனாலும் 2020-இல் கொரோனா வந்தபோது முதல்நிலைச் சிகிச்சை மையங்களைப் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் உள்ளாட்சிகள் அமைத்து நடத்தின. அதற்கு வேண்டிய பழக்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக மருத்துவமனைக் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து வந்தது. அவசர காலத்தில் திடீரென ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தால் அவர் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. அவசரம் இல்லாத காலத்தில்தான் அதைக் கற்க முடியும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய எதிர்வாதம் ஒன்று உண்டு. அதற்குத்தான் நேரம் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும். சிவகாசிப் பக்கம் ஆலை முதலாளிகளின் செல்வாக்கு உள்ளாட்சிக்குள்ளும் இருக்கும். மருத்துவமனைக் குழுவை உள்ளாட்சி அமர்த்தினால் அது முதலாளிகளின் குழுவாகும். விபத்தில் காயம்பட்டவரின் பதிவு எப்படி எழுதப்படுகிறது, சிறுவர் எவரேனும் இருந்தாரா என்பதெல்லாம் அமுங்கிப்போகும். சாதி ஆதிக்கமும் அதே கதவு வழியே நுழையும். இந்த அச்சம் வீண் அல்ல. ஆனால் இன்றைய ஏற்பாட்டில் நன்கொடையாளர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் சங்கத்தில் இடம் இருக்கிறது. அவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்று கேட்க வழி இல்லை. செல்வாக்கு இன்றும் உள்ளே இருக்கிறது, திரைக்குப் பின்னால் இருக்கிறது. மன்றத்தின் தீர்மானம் மூலம் பெயர்கள் முன்மொழியப்பட்டு, பதிவாகி, கிராம சபையில் வாசிக்கப்பட்டால், முன்மொழிந்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த தேர்தலில் அதற்குக் கணக்கு உண்டு. இதோடு சட்டத்தில் இரண்டு தடுப்புகள் வேண்டும். வெடிபொருள் உரிமம் வைத்திருப்பவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குழுவில் இருக்கக் கூடாது. குழுவில் பாதிக்குக் குறையாத இடம் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கும் விபத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் வேண்டும், அதில் பட்டியல் சாதியினருக்கு உரிய பங்கோடு. இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1948-இன் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், தொழிலாளர்களின் பிரதிநிதிகளும் முதலாளிகளின் பிரதிநிதிகளும் அமரும் உள்ளூர்க் குழுக்களுக்கு எப்போதோ வழி செய்துவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். 2022-இல் தமிழ்நாடெங்கும் அவை மறுபடி அமைக்கப்பட்டபோது தாய்மார்களே தலைவர்களானார்கள். பிள்ளை படிக்கும் பள்ளியின் குழுவுக்குத் தாய் தலைமை ஏற்கலாம் என்றால், அவள் வேலைக்குப் போகும் ஆலைக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியின் குழுவில் அவளுக்கு ஏன் இடமில்லை என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு 2016-இலேயே சட்டமாகிவிட்டது. மாற்றுத்திறனாளிகளை மன்றங்களில் நியமன உறுப்பினர்களாக்க 2025-இல் சட்டத் திருத்தமும் வந்தது. வெந்த கையோடும் இழந்த பார்வையோடும் வாழ்பவர்கள் மிகுந்த ஒரு வட்டாரத்தில் அந்தத் திருத்தத்துக்கு மருத்துவமனைக் குழுவைவிடப் பொருத்தமான இடம் எது?

கடைசி எதிர்வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பாதிப் பதில்தான் உண்டு. உள்ளாட்சியே இல்லாமல் போகும் காலங்களில் யார் அமர்த்துவது? தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. விருதுநகர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர் கடைசியில்தான் நடந்தது. நகர்ப்புறத் தேர்தலுக்கு 2022 பிப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த ஊரக மன்றங்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று மன்றம் காலியாக இருக்கும் மாநிலத்தில் மன்றத்தின் பெயரால் எதையும் கட்டுவது மணலில் கட்டுவதுபோல இருக்கும் என்பார்கள். குழு உறுப்பினர்களின் காலத்தை மன்றத்தின் காலத்தோடு கட்டாமல், மூன்றில் ஒரு பங்கினர் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாறும்படி அமைத்தால், மன்றம் கலைந்த காலத்திலும் முன்பு அமர்த்தப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் தொடர்வார்கள். இடைக்காலக் காலியிடங்களைக் கிராம சபையின் தீர்மானத்தால் நிரப்பலாம். இது ஓட்டையைச் சிறிதாக்கும், அடைக்காது. தேர்தலைத் தள்ளிப்போடுவது எளிதாக இருக்கும்வரை உள்ளாட்சியை நம்பிய எந்த ஏற்பாடும் நொண்டித்தான் நடக்கும். ஆனால் மருத்துவமனைக் குழு போன்ற ஒன்று மன்றத்தின் கையில் இருந்தால் தேர்தல் தள்ளிப்போகும்போது கேட்க ஆள் கூடும். இன்று மன்றம் கலைந்தால் ஊருக்கு இழப்பு என்று தோன்றுவது குறைவாக இருப்பதற்கு, மன்றத்தின் கையில் இருப்பது குறைவாக இருப்பதும் காரணம்தான்.

குழு வந்தால் முதலாண்டில் அது என்ன செய்யும் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் வேண்டாம் என்பேன். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மே 1. தொழிலாளர் தினம் என்பதோடு, கரிசல் வெயில் உச்சத்துக்கு ஏறும் மாதத்தின் முதல் நாள் அது. மருந்துக் கலவை வெப்பத்துக்கும் உராய்வுக்கும் அஞ்ச வேண்டிய பருவம். அன்று ஆமத்தூரிலும் அதைச் சுற்றிய ஊராட்சிகளிலும் மருத்துவமனைக் குழுவின் உறுப்பினர் ஒருவர் எழுந்து நின்று சில எண்களை மட்டும் வாசிக்க வேண்டும். கடந்த பன்னிரண்டு மாதத்தில் தீக்காயத்தோடு வந்தவர்கள் எத்தனை பேர். வெடித்த நேரத்துக்கும் முதல் திரவப் புட்டி ஏற்றிய நேரத்துக்கும் இடையே எத்தனை நிமிடம். எத்தனை பேர் மதுரைக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள். இரவுப் பணியில் அவசரச் சிகிச்சைப் பயிற்சி பெற்றவர் இல்லாத இரவுகள் எத்தனை. அந்த எண்களைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலர் மறுநாள் காலை ஆலை வேனில் ஏறிப் போகப்போகிறவர்கள்.